‘நான்’ இல்லாமல் போன ஞாயிற்றுக்கிழமை

இருபத்து நான்கு வயதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சிகரெட், சீட்டு என்றால் வீட்டில் நாலு திட்டு திட்டித் திருத்தியிருப்பார்கள். எனக்கு இருந்தது யோசிக்கும் பழக்கம்.

டீயைக் கையில் வாங்கினால், ‘இந்தச் சூடு டீயில் இருக்கிறதா, என் நாக்கில் இருக்கிறதா?’ என்று யோசிப்பேன். (டீ ஆறிவிடும்.) கண்ணாடி முன் நின்றால், ‘இதில் தெரிகிறானே, இவன் யார்?’ என்று யோசிப்பேன். (“எரும, நவுரு. ஒங்கப்பா ஷேவ் பண்ணணுமாம்” என்பாள் அம்மா.) அப்போது ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஒரே மாதிரி பாகங்கள் வரிசையாக வரும். பழுது இருந்தால் எடுத்து ஓரமாகப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருநாள், ‘எல்லாம் ஒன்றுபோல இருக்கும்போது இதில் எது நிஜம், எது நகல்?’ என்று யோசித்தபடி நின்றுவிட்டேன். அரை மணி நேரத்துச் சரக்கு என்னைத் தாண்டிப் போய்விட்டது. மறுநாளே வேலையை உதறித் தள்ளிவிட்டேன். (வீட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்பாவுக்கு அதில் மனது விட்டுப்போனது. அப்பா பெயர் கன்னியப்பன். செங்கல்பட்டில் லைன்மேன். அவருக்கு முந்தைய தலைமுறை வரை அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை முதலில் கண்ணால் பார்த்தவர் அவர்தான். அதை மகன் யோசிப்பதற்காக விட்டுவிட்டு வந்து நின்றால்? அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், “அவன மோட்டார் போடச் சொல்லு” என்று அம்மாவிடம் சொல்வார். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

எனக்குள் ஒரு திட்டம் உருவானது. நான் பேசுவதை அப்பா ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். நம் பையன் சும்மா சுற்றவில்லை, பெரிய விஷயம் ஏதோ பண்ணுகிறான் என்று புரிந்துவிடும். பிறகு பேசிவிடுவார். அந்தக் கூட்டத்தை நான் ஏற்பாடு செய்ததே அதற்காகத்தான். ஊருக்கு ஞானம் கொடுப்பதெல்லாம் அப்புறம்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிந்தனை வட்டம் வைத்திருந்தோம். (நாலு பேர் டீக்காக வந்தவர்கள்.) அதில் ஒருவன் டேவிட். சதுரங்கப்பட்டினத்துக்காரன். அவன் சொல்லிக் கடற்கரையோரம் மீனவர் சமுதாயக் கூடம் இலவசமாகக் கிடைத்தது. ஞாயிறு சாயங்காலம் நான்கு மணி. தலைப்பு: உண்மை, நான், அழகு. மூன்றையும் ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுவதாக எண்ணம்.

கூட்டம் என்றால் பேனர் வேண்டுமே. செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் கடை வைத்திருந்த செல்வி அக்காவிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் ஊர் முகங்கள் எல்லாம் அக்காவின் கம்ப்யூட்டர் வழியாகத்தான் பெரிதாகும்.

“தம்பி, மூஞ்சிய கொஞ்சம் வெளுப்பாக்கட்டுமா?”

அழகு வெளித்தோற்றத்தில் இல்லை என்று எட்டுப் பக்கம் எழுதி, அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தவன் நான்.

“கொஞ்சமா பண்ணுங்கக்கா” என்றேன்.

வெளுத்தார். கன்னத்துப் பருக்கள் போயின. மூக்கு ஒரு சுற்று இளைத்தது. இடது புருவத்தை வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு உண்டு எனக்கு. ஏழு வயதில் அப்பாவின் சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து போனபோது காலைச் சக்கரத்தில் விட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு விழுந்த நினைவுச்சின்னம். “இத இன்னா பண்றது?” என்று அக்கா கேட்டார். “எடுத்துடுங்க” என்றேன். ஒரு தட்டில் போயே போய்விட்டது.

மற்றதெல்லாம் என் சொந்த வடிவமைப்பு. கறுப்புப் பின்னணி, அதுதான் ஆழம். மேகத்துக்கு நடுவே என் முகம், கண்கள் மேலே வானத்தைப் பார்த்தபடி. பக்கத்தில் ஒரு விளக்கு, அது அறிவொளி. கீழே வரிசையாக வட்ட வட்டமாக நண்பர்கள் நால்வர். சிந்தனையாளர்களாகத் தெரிய வேண்டும் என்று நான் சொன்னதால் நால்வரும் முகத்தை இறுக்கமாக வைத்திருந்தார்கள். ‘சொற்பொழிவு’ என்று போடுவது அரசியல்வாதி வேலை என்று வேண்டாம் என்றேன். பெயருக்குக் கீழே, என் பேச்சின் சாரமாக ஒரே ஒரு வரி:

‘நான் என்பது இனி இல்லை.’

அதற்கும் கீழே இடம், நேரம், ‘இப்படிக்கு, நண்பர்கள்’.

செல்வி அக்கா திரையைவிட்டு என் பக்கம் திரும்பினார். “தம்பி, கறுப்பு வேணாமே. ஊதா போட்லாமா? பாக்கறதுக்கு ஒரு மாதிரி கீது.”

“பார்க்கறதுல என்னக்கா இருக்கு? பார்வைதான் பொய்” என்றேன்.

“சரி, நீ சொன்னா சரி” என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார். இன்றுவரை என் மனதில் அவர்மேல் குற்றமில்லை.

ஞாயிறு காலை நண்பர்கள் செங்கல்பட்டில் மூன்று இடத்தில் பேனர் கட்டினார்கள். நான் ஆறரை மணிக்கே டேவிட் வண்டியில் சதுரங்கப்பட்டினம் போய்விட்டேன். கிளம்பும்போது வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், “நாலு மணிக்குக் கூட்டம்” என்றேன். அவர் வீட்டுக்குள் பார்த்து, “எனக்கு ட்யூட்டி கீதுன்னு சொல்லு” என்றார். அம்மா சொல்லவில்லை. எனக்குத்தான் காது இருக்கிறதே.

கடலுக்கு எதிரே உட்கார்ந்து, புற உலகத் தொடர்பைத் துண்டிக்கும் பொருட்டு செல்போனை அணைத்துவைத்தேன். என் வாழ்நாளில் நான் எடுத்த முட்டாள்தனமான முடிவுகளில் இதற்கு நல்ல இடம் உண்டு. அந்த நேரத்தில் செங்கல்பட்டில் நான் செத்துக்கொண்டிருந்தேன். வாட்ஸ்அப் குழுக்களில் என் வெளுத்த முகம் போய்க்கொண்டிருந்தது. கம்பெனியில் என்னைத் துரத்திவிட்ட சூப்பர்வைசர்கூட, ‘நல்ல உழைப்பாளி’ என்று எழுதியிருந்தாராம்.

மூன்றரை மணிக்கு அம்மா ஒரு தூக்கு நிறையச் சுண்டலோடு வந்து சேர்ந்தாள். (அவள் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.) நான் உள் அறையில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைக்கு மாறிக்கொண்டிருந்தேன். வெளியே பஸ் வந்து நிற்கும் சத்தம். எட்டிப் பார்த்த அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உறவுக்காரர்கள், தெருக்காரர்கள், கம்பெனி ஆட்கள். கையில் ஆளுயர ரோஜா மாலைகள். மகனுக்கு இவ்வளவு மரியாதையா!

“வாங்க, வாங்க. உள்ளதான் கீறான்” என்றாள், சிரித்த முகத்தோடு.

முன்னால் வந்த என் பெரியம்மா அப்படியே நின்றுவிட்டாள். பெற்றவளுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நினைத்தாளாம். அம்மாவைக் கட்டிக்கொண்டு, “எம்மா, மனச தேத்திக்கோம்மா” என்று அழுதாள். அம்மா, “எதுக்குக்கா அழுவற? கொஞ்சம் இரு, துணி மாத்திகினு கீறான், இப்ப வந்துடுவான்” என்றாள். அதைக் கேட்டுக் கூட்டமே விம்மியது.

அந்த நேரம் பார்த்து, நெற்றியில் விபூதியோடு, வெள்ளையும் வெள்ளையுமாக நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

கம்பெனியில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஒருவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். இரண்டு பேர் கடலைப் பார்த்து ஓடினார்கள். பெரியம்மா வந்து என் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். நிஜம் என்று உறுதியானதும் அதே கன்னத்தில் ஒன்று வைத்தாள். விஷயம் புரிந்ததும் அழுகையெல்லாம் கோபமாக மாறியது.

“ரெண்டு பஸ்ஸு மாறி வந்துகீறோம். சாவலன்னா இன்னாத்துக்குடா பேனர் வெச்ச?” என்றார் தெருக்காரர் ஒருவர்.

“கல்யாணத்துக்குப் போறத வுட்டுட்டு வந்தேன்யா” என்றார் இன்னொருவர், நான் சாகாதது நம்பிக்கைத் துரோகம் என்பதுபோல.

மாலைகளை என்ன செய்வது என்று அடுத்த பிரச்சினை. வீட்டுக்கு எடுத்துப்போக யாரும் தயாராக இல்லை. என் கழுத்தில் போடவும் மனம் வரவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் மைக் ஸ்டாண்டுக்குப் போட்டார்கள். திரும்பிப்போக ஐந்து மணிக்குத்தான் பஸ் என்பதால் அப்படியே உட்கார்ந்தும்விட்டார்கள். என் சிந்தனை வட்டத்துக்கு அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை.

வெட்கம் கெட்டவன் நான், அதையும் ஒரு வாய்ப்பாகவே பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். “நண்பர்களே, இன்று நடந்ததே என் கருத்துக்குச் சாட்சி. நீங்கள் பார்த்தது ஒரு தோற்றம். உண்மையில் ‘நான்’ என்று ஒன்று கிடையவே கிடையாது...”

வாசலில் மொபெட் ஒன்று விழும் சத்தம் கேட்டது. நிறுத்தாமல், ஸ்டாண்டு போடாமல், அப்படியே கீழே போட்ட சத்தம்.

அப்பா.

இடுப்பில் கம்பம் ஏறும் பெல்ட். தலையில் மஞ்சள் ஹெல்மெட். அக்குளில் சுருட்டி வைத்த ஃபிளெக்ஸ். நடந்ததை அப்புறம்தான் கோத்துப் புரிந்துகொண்டோம். மின்கம்பத்தில் பேனர் கட்டுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. மூன்று மணிக்கு ரயில்வே கேட் பக்கம் பழுது பார்க்கப் போனவர், கம்பத்தில் ஒரு பேனர் இருப்பதைப் பார்த்து, கட்டினவனைத் திட்டிக்கொண்டே கயிற்றை அறுத்திருக்கிறார். அது பிரிந்து அவர் கைமேல் விழுந்திருக்கிறது. பக்கத்து டீக்கடைக்காரர், “பாவம், சின்ன வயசு” என்றிருக்கிறார். என் போன் அணைந்திருந்தது, அம்மா போனை யாரும் எடுக்கவில்லை. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் அந்த ஓட்டை மொபெட்டில் வந்திருக்கிறார்.

நாற்காலிகளுக்கு நடுவே நேராக என்னிடம் வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கிரீஸ் வாசனை அடித்த கட்டைவிரல் ஒன்று என் இடது புருவத்தை மெதுவாகத் தடவியது. தழும்பு இருந்த இடத்தில் நின்றது.

“படத்துல இது இல்ல” என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

“அக்கா எடுத்துட்டாங்கப்பா.”

“காலீல நீ போனத பாத்தேன். நீ கூட்டத்துக்குப் போறன்னும் தெரியும். புத்திக்கு எல்லாம் தெரிது. வண்டிதான் நிக்க மாட்டேன்னுட்சி.” மூச்சு வாங்கினார். மாலைகள் தொங்கிய மைக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். “உள்ள வரும்போது கேட்டேன். நான்னு ஒண்ணு கெடையாதுன்னு இன்னாமோ சொல்லிகினு இருந்தியே. அப்ப யார பாக்கடா நான் இவ்ளோ தூரம் ஓடியாந்தேன்?”

எட்டுப் பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் திணித்தேன்.

அவர் முதல் வரிசையில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். “சரி பேசு. வந்தாச்சி, கேட்டுட்டுப் போறேன்.”

இதற்காகத்தானே எல்லாம். அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறார், முன்னால் மைக் இருக்கிறது. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. விக்கி விக்கி அழுதேன், அதுவும் மைக்கில். ஊர்க்காரர்கள், ‘இதுக்குத்தானே வந்தோம்’ என்பதுபோல அவர்களும் சேர்ந்து அழுதார்கள். அம்மா சுண்டலை எடுத்து விநியோகிக்க ஆரம்பித்தாள்.

இதெல்லாம் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. நான் இப்போது ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறேன். ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார். சூடு டீயில்தான் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த ஃபிளெக்ஸ் செங்கல்பட்டு வீட்டு மாடியில் அம்மாவின் விறகுக்குப் போர்வையாகக் கிடக்கிறது. அவ்வளவு வெயில் மழையிலும் நிறம் போகாமல், இன்னமும் நான் வானத்தைப் பார்த்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் அம்மா, “இவன் செத்த அன்னிக்கே சுண்டல் பத்தல, கொஞ்சம் கூடவே போடு” என்பாள். என் மகள் பள்ளியில் போய், ‘எங்கப்பா செத்த அன்னிக்கு நல்ல கூட்டமாம்’ என்று சொல்லிவிட்டு வந்து, அவள் டீச்சர் என் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போன் செய்த கதையும் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அப்பாவுக்கும் ஒரு பழக்கம். நான் எங்கிருந்தாலும் காலை ஏழரைக்குப் போன் வரும்.

“கீறியா?”

“கீறேன்பா.”

வைத்துவிடுவார். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

போன மாதம் ஒருநாள் ஏழரைக்குப் போன் வரவில்லை. ஏழே முக்காலுக்கு நானே அடித்தேன். அணைத்துவைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் சொன்னாள். அம்மா எடுக்கவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பார், வேறு ஒன்றும் இருக்காது என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டேதான் வண்டியை எடுத்தேன். தெரிந்துகொண்டேதான் சிங்கப்பெருமாள் கோவில் சிக்னலில் நிற்காமல் போனேன்.

அப்பா மாடியில் விறகைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் படியேறி வந்து மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்தார். கீழே குனிந்து என் கால்களையும் பார்த்தார். ஒன்றில் என் செருப்பு, இன்னொன்றில் என் மனைவியுடையது.

மாடிச் சுவரில் சாய்ந்து, கீழே சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ஏய்! நான் செத்துட்டேன் போலகீது, புள்ள ஓடியாந்துகீறான். இன்னும் நாலு இட்லி சேத்து ஊத்து.”