'ம்' கொட்டுகிறவர் போட்ட முடிச்சு

புருஷன்மார்களில் எத்தனையோ ரகம் உண்டு. அதில் 'ம்' கொட்டுகிறவர் தனி ரகம். அவரைத் தேடிக் காடுமேடு அலைய வேண்டாம். முன்னால் சாப்பாட்டுத் தட்டும் கையில் செல்போனுமாக எந்த வீட்டிலும் உட்கார்ந்திருப்பார். பருப்பு தீர்ந்தது, கேஸுக்குச் சொல்ல வேண்டும், மோட்டார் கொட்டகையில் சாரைப்பாம்பு புகுந்தது, தங்கச்சி வீட்டுக்காரருக்குக் காலில் அடி என்று மனைவி வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். அவள் மூச்சு விடும் இடம் பார்த்து இவர் ஒரு 'ம்' போடுவார். தாளம் தப்பவே தப்பாது. கேட்டீர்களா என்றால் கேட்டேன் என்பார். என்ன கேட்டீர்கள் என்று கேட்டால்தான் குட்டு உடையும்.

கள்ளக்குறிச்சியில் இந்த ரகத்துக்கு ஒரு சங்கம் வைத்தால் தங்கதுரைதான் தலைவர். போட்டிக்கு ஆள் இருக்காது. கரும்பு லோடு ஏற்றி ஆலைக்கு அனுப்புவது அவர் தொழில். லாரியில் கரும்பை அடுக்கி, அவர் கயிறு போட்டு இறுக்கிவிட்டால் ஆலை வரைக்கும் ஒரு கழி நழுவாது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவி அமிர்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருப்பவள். ஒரு நாள் அவருக்குச் சோறு போட்டுவிட்டு, மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்ததை மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏங்க, போன்ல ஒண்ணு படிச்சேன். புருசன் பொண்டாட்டி ஆசைக்கு, மெத்துனு ஒரு கயித்தால ஒருத்தர் கையை ஒருத்தர் கட்டி வெளையாடுறாங்களாம். ரெண்டு பேருக்கும் இஷ்டம்னா தப்பே இல்லியாம். கல்யாண நாளுக்குக் கரியாலூர் மலைக்குப் போறமே... அங்க நாமளும் பாக்கலாமா?"

"ம்."

அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"அப்புறம், நம்ம மாடு நேத்து இங்கிலீஷ் பேசுச்சுங்க."

"ம். சரி."

போனைப் பிடுங்கினாள். முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னாள். தங்கதுரைக்குப் புரை ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, காது இரண்டும் சிவந்துபோயின.

"இந்தா, மெதுவாப் பேசு! கதவு தொறந்துகினு கீது." உள்ளுக்குள் என்னவோ சந்தோஷம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல், "நான்தான் அப்பவே 'ம்'னு சொல்லிட்டேனே?" என்றார்.

"மாடு இங்கிலீஷ் பேசுனதுக்கும் அதே 'ம்'முதாங்க வந்துச்சு. அதெல்லாம் கணக்குல சேராது. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. இஷ்டமா, இல்லியா?"

அவர் பார்த்தார். பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. "இஷ்டம்தான்," என்றார், குரல் வெளியே வராமல்.

அதோடு விட்டாரா? மறுநாளே லாரிக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "இது எத்தினி டன்னு தாங்கும் தெரியுமா?"

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். உருவி உருவி மெத்தென்று ஆக்கிய பருத்திக் கயிற்றை எடுத்துக் காட்டினாள். கழுத்துப் பக்கம் கயிறே போகக் கூடாது என்றாள். கட்டுக்குள்ளே ரெண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், கை சில்லிட்டாலோ மரத்தாலோ உடனே அவிழ்க்க வேண்டும், கட்டிவிட்டு அந்தண்டை இந்தண்டை நகரக் கூடாது, கத்தரிக்கோல் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றாள். கயிற்றில் பிறந்து கயிற்றில் வளர்ந்தவருக்கே பாடமா? எல்லாவற்றுக்கும் 'ம்' போட்டார்.

"நிறுத்தச் சொல்றதுக்கு ஒரு வார்த்தை வெச்சுக்கணுமாம்."

"'போதும்'னு சொல்லு, நிறுத்திடறேன்."

"டிவி சத்தம் போதும், போதும்னு வருசக்கணக்கா சொல்லிகினுதான் கீறேன். கம்மி ஆச்சா?" கொஞ்சம் யோசித்தாள். "ஆலை கேட்டை மூடிட்டாங்க."

"ஐயையோ!" தங்கதுரை துள்ளி எழுந்தார். கேட்டை மூடிவிட்டால் லோடு வெயிலில் நின்று காயும், எடை இறங்கும். "அபசகுனமாப் பேசாத!"

"பாருங்க, இது மட்டும் நல்லாக் கேக்குது. இதான் அந்த வார்த்தை."

கரியாலூரில் அறை எடுத்த அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. இருவருக்கும் வெட்கம், சிரிப்பு. அமிர்தம் கைகளை நீட்ட, தங்கதுரை கயிற்றைச் சுற்றினார். பழக்கம் விடுமா? கட்டில் காலில் பாதத்தை முட்டுக்கொடுத்து ஓர் இழுப்பு இழுத்தார், முடிச்சைப் போட்டு ரெண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்!" என்று குரலும் கொடுத்துவிட்டார்.

"யோவ், நான் என்னா லோடா?" அமிர்தத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் அசடு வழிந்துகொண்டே தளர்த்தினார். ரெண்டு விரல் விட்டுப் பார்த்து, "இறுக்கமா கீதா?" என்று கேட்டார். "இல்லீங்க," என்றாள். அவர் கேட்டதே அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அப்போது பார்த்துப் போன் அடித்தது. லோடு பார்க்கும் இருசப்பன். சிக்னலுக்காக ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார் தங்கதுரை. அவர் போட்டிருந்தது லாரி முடிச்சு. அசைய அசைய இறுகும்.

"ஏங்க, கை மரத்துப் போவுது."

"ம்."

"போதும்ங்க."

"ம், ம்."

அமிர்தத்தின் சிரிப்பு நின்றுபோனது. வாய்விட்டு ஓர் ஆசையைச் சொல்ல அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். இப்போதும் அந்த ஆள் திரும்பாவிட்டால், இனி இந்த ஜென்மத்தில் எதையும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரே கத்தாகக் கத்தினாள்.

"ஆலை கேட்டை மூடிட்டாங்க!"

"அடக் கடவுளே! இருசப்பா, கேட்டை மூடிட்டானா?"

"இல்லீங்களே அண்ணே, தொறந்துதான் கீது. யார் சொன்னது?"

யார் சொன்னது? தங்கதுரை திரும்பினார். போன் எங்கே விழுந்ததென்று பார்க்கவில்லை. ஓடிவந்து முடிச்சில் கை வைத்தார். ஆலை வரைக்கும் அசையாத முடிச்சு, அவருக்கும் அசையவில்லை. நல்லவேளை, கத்தரிக்கோல் தலைமாட்டிலேயே இருந்தது. வெட்டி எடுத்து, அவள் மணிக்கட்டுகளை மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டார்.

"தப்பு எம்மேலதான், அமிர்தம்."

"கயித்துக்கு நான் பயப்படலீங்க. அந்த 'ம்'முக்குத்தான் பயமா கீது."

அவர் போனைத் தேடியெடுத்து அணைத்தார். மழை விட்டு, டீ குடித்து முடித்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார். "இப்ப நீ எனக்குக் கட்டறியா? உனக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

அவள் அவரை நன்றாகப் பார்த்தாள். "இருக்கு," என்றாள். தையல்காரி கை, வெட்டியதுபோக மிஞ்சிய கயிற்றால், ஒரு நுனியை இழுத்தால் முழுசும் அவிழும்படி நறுவிசாகக் கட்டினாள். "இறுக்குதாங்க?"

"ம்."

சட்டென்று அவிழ்த்துவிட்டாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"'ம்'னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியலீங்க. தெரியலேன்னா அவுத்துடணும்."

தங்கதுரை வாய்வரை வந்த 'ம்'மை விழுங்கினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, முழுசாகச் சொன்னார். "இறுக்கல. எனக்குப் புடிச்சிருக்கு. கட்டு, அமிர்தம்."

அதற்குமேல் அங்கே நமக்கு வேலை இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம்.

தங்கதுரையை நினைத்துச் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து உங்களிடம் யாரோ ஏதோ கேட்டார்களே, நீங்களும் ஒரு 'ம்' போட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? எதற்குச் சம்மதித்தீர்கள் என்று எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்துவிடுங்கள்.