செக்கர் அண்ணனின் வருடத் திட்டங்கள்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் எங்கள் காஜா பெராங்கில் டிசம்பர் மாதத்துக்குப் பயந்த ஒரே மனிதர் செக்கர்தான். மற்றவர்கள் பயப்படுவதற்கு வேறு நியாயமான விஷயங்களை வைத்திருந்தார்கள். துப்பாக்கிக்குப் பயந்தார்கள், சயாமில் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்கும் லாரிக்குப் பயந்தார்கள், அரிசி கிடைக்காத நாளுக்குப் பயந்தார்கள். செக்கருக்கு இவையெல்லாம் இரண்டாம்பட்சம். டிசம்பர் பிறந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. சோறு என்று பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன். அந்த வருடங்களில் எங்களுக்கு இறங்கியதெல்லாம் மரவள்ளிக்கிழங்குதான்.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கும் தெரியாது. சண்டைக்கு முன்பு பஸ்ஸில் ஏறி டிக்கெட் சரிபார்க்கும் வேலை. அதனால் செக்கர். அவர் மனைவி செக்கரம்மா. செக்கர் பனைமரத்தில் பாதி உயரம். பஸ் கூரையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து, தரையில் இறங்கிய பிறகும் முதுகு நிமிர மறந்துவிட்டது. காவலுக்கு நிற்கும் ஜப்பான் சென்ட்ரியைக் கண்டால் எல்லாரும் குனிந்து வணங்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் தெருவில் புதிதாக எதையும் பழக வேண்டியிராதவர் அவர் ஒருவரே.

சில ஆண்களுக்குச் சீட்டு, சிலருக்குக் கள்ளு. செக்கருக்கு ஊசி. மலாய் பேசும் மலாக்காச் சிட்டிகள் வாழும் சிட்டி கம்போங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், மாப்பிள்ளை வீட்டுக் கட்டிலில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தாராம். கைக்குட்டை அளவுகூட இல்லாத துண்டுத் துணிகளை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்த ஒட்டுப் போர்வை. பந்தியில் உட்காராமல் அந்தக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். வீட்டுக்காரர்கள் மலாயில் சாப்பிடக் கூப்பிட, இவர் தமக்குத் தெரிந்த பஸ் மலாயில் அந்தத் தையலைப் பற்றி விசாரிக்க, கடைசியில் பசியோடு வீடு திரும்பி மறுநாளே ஊசி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து தம் சட்டைக் காலரில் நூல் கோத்த ஊசி ஒன்றைக் குத்தியே வைத்திருப்பார்.

செக்கரம்மாவுக்கு இதில் வெட்கம். மரவள்ளிக்கிழங்கு அப்பம் சுட்டு விற்றுக் குடும்பத்தை ஓட்டியவர் அவர். அடுப்படியில் என்னிடம் குறைபட்டுக்கொள்வார். "அடுத்த வீட்டு ஆம்பளைங்க கள்ளு போத்தல ஒளிச்சு வைப்பாங்க. இவரு கந்தைய ஒளிச்சு வைக்கிறாரு. இதப் போயி யார்கிட்ட சொல்லி அழ?"

செக்கர் சும்மா தைக்கிற ஆள் இல்லை. திட்டம் போட்டுத் தைக்கிற ஆள். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் குளித்து, விபூதி பூசி, தண்ணீர் பிடிக்க நாங்கள் வரிசை நிற்கும் பைப்படிக்கு வந்து அந்த வருடத்துக்கான திட்டத்தைச் சத்தமாக அறிவிப்பார். இன்னின்ன தலையணை உறை, இன்ன அளவில் ஒரு தொட்டில் துணி, அதற்கப்புறம் போர்வை. ஏன் அண்ணே ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள், பேசாமல் தைத்துவிட்டுப் போகலாமே என்று நான் கேட்டிருக்கிறேன்.

"டிக்கெட் இல்லாம பஸ்ஸுல ஏறக்கூடாது தங்கச்சி. திட்டம் இல்லாம வருசத்துல ஏறக்கூடாது" என்றார்.

டிசம்பர் கடைசி நாளில் அதே பைப்படிக்கு வந்து கணக்கு ஒப்புவிப்பார். எந்த வருடமும் திட்டம் நிறைவேறியதில்லை. ஒரு வருடம் முடிந்தது ஒரே ஒரு தலையணை உறை. அதுவும் பூனை தலை வைத்துப் படுக்கத்தான் காணும். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நாங்கள் ஆளுக்கொரு ஆறுதல் சொல்வோம். துக்க வீட்டில் கேட்பதுபோல் தலைகுனிந்து கேட்டுக்கொள்வார். அவர் தலை எப்போதும் குனிந்துதான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

ஜப்பான்காரன் வந்தான். பஸ்களைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. செக்கருக்கு வேலை போயிற்று. அதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாமல் போனது நாள்காட்டி. இனி இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு இல்லை, ஜப்பானியக் கணக்குப்படி இரண்டாயிரத்து அறுநூற்று இரண்டு என்று அறிவித்தார்கள். செக்கர் அன்று முழுவதும் வாசற்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். சாயங்காலம் என் கணவரிடம் வந்து, நடுவில் அறுநூறு வருடத்துக்கு மேல் ஒரு தையல்கூடப் போடாமல் போய்விட்டதே, இந்தப் பாக்கியை எப்படி அடைப்பது என்று கேட்டார். என் கணவர் நகரசபையில் தண்ணீர்க்குழாய் பழுது பார்ப்பவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அத்தனை வருடத்துக்கும் சேர்த்துப் பெரியதாக ஒன்று தைத்துவிடுங்கள் அண்ணே என்று யோசனை சொன்னார். வேடிக்கைக்குச் சொன்னது. செக்கர் அதைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் பைப்படியில் ஒரே ஒரு திட்டம்தான் அறிவித்தார். இரட்டைக் கட்டிலுக்கு ஒரு ஒட்டுப் போர்வை.

அந்த நேரத்தில் மலாக்காவில் துணி என்பதே இல்லை. ஜாலான் பெண்டஹாரா ஜவுளிக் கடைகளில் வெறும் அலமாரிகள்தான் இருந்தன. கோணிச் சாக்கைக் கால்சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. வெளியே கட்டிக்கொள்ள ஒரே சேலையை வைத்துக்கொண்டு மாமியாரும் மருமகளும் முறைபோட்டு வெளியே போன வீடு எங்கள் வரிசையிலேயே இருந்தது. நூலுக்கு அன்னாசி இலையை உரித்து நார் எடுத்தோம். இப்படிப்பட்ட சமயத்தில்தான் செக்கர் போர்வைக்குத் துண்டு தேடிப் புறப்பட்டார்.

அவர் வழி தனி வழி. எதிரில் வருகிறவரை நலம் விசாரிக்க மாட்டார். அவர் போட்டிருக்கும் சட்டையை விசாரிப்பார். முழங்கை எப்படி இருக்கிறது, காலர் தாங்குமா என்று கேட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, இது கிழிந்தால் முதுகுப் பக்கம் எனக்கு என்று முன்கூட்டியே சொல்லி வைப்பார். எங்கள் தெருவில் எல்லாருடைய உடம்பிலும் செக்கர் சொல்லி வைத்த பாகம் ஒன்று இருந்தது. என் நீலச் சேலையின் முந்தானை அவருக்கு. அடுப்பில் அது கருகிய அன்று புகை அடங்குவதற்கு முன் வந்து நின்றார். கருகாத ஓரத்தை வெட்டிக்கொண்டு, மிச்சச் சேலையை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி மடித்துத் தைத்தும் கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும்.

போர்வைக்கு நடுச் சதுரம் மட்டும் அவருடையது. பஸ் வேலையில் போட்டிருந்த காக்கிக் கோட்டின் முதுகுத் துணி. கோட்டு கறையான் அரித்துப் போயிற்று, அந்த ஒரு பாகம்தான் தப்பியது. அதைச் சுற்றித்தான் ஊரார் துணிகளெல்லாம் வளைந்து வளைந்து போயின. துணித் திருட்டு மிகுந்த காலம் என்பதால் போர்வையை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டே திரிந்தார். அந்த வருடமும் டிசம்பர் வந்தது, முடியவில்லை. மறுவருடமும் அதே திட்டம். இந்த முறை நிஜமாகவே முடியும்போல் இருந்தது.

ஒருநாள் என் கணவர் குழாய்த் திருகில் மாட்டிச் சட்டைக் கையைக் கிழித்துக்கொண்டு வந்தார். அந்தக் கை செக்கர் சொல்லி வைத்தது. வந்தார், வெட்டினார். ஒரு கை மட்டும் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று மற்றக் கையையும் வெட்டினார். நகரசபை ஆள் என்று காட்டும் கைப்பட்டை அந்தச் சட்டைக் கையில்தான் குத்தியிருந்தது. அதைப் பத்திரமாகக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நான் ஆணியில் மாட்டினேன். மறுநாள் காலை அவசரமாகக் கிளம்பிய என் கணவர் கையில்லாத சட்டையோடு, பட்டையும் இல்லாமல் போய்விட்டார்.

பசார் முனையில் லாரியை நிறுத்தி ஆள் பிடித்தார்கள். பட்டை இல்லாதவர்கள் எல்லாரும் வேலையற்றவர்கள், வேலையற்றவர்கள் எல்லாரும் சயாமுக்கு. அப்பம் விற்கப் போயிருந்த செக்கரம்மா பார்த்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து என்னிடம் சொன்னார்.

செக்கர் வாசலில் வந்து நின்றார். ஆணியில் தொங்கிய பட்டையைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. செக்கரம்மாதான் பட்டையை எடுத்து என் கையில் வைத்து, "அழுதது போதும், நட" என்றார். செக்கரைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றார்.

பிடித்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்திருந்தார்கள். முன்னறையில் பெயர் எழுதும் குமாஸ்தாவாக ஒரு தமிழ்க் கிராணி உட்கார்ந்திருந்தார். உள்ளறையில் ஜப்பானிய அதிகாரி. என் கணவர் தண்ணீர்க்குழாய் ஆள், இதோ பட்டை என்று நான் காட்டினேன். கிராணி இரக்கமுள்ளவர்போல்தான் தெரிந்தார். ஆனால் பட்டை மட்டும் போதாது, யாராவது உள்ளே போய் அதிகாரியை வணங்கி விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்றார். அப்படியானால் சொல்லுங்களேன் ஐயா என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். லாரி மத்தியானமே கிளம்புகிறது என்றேன். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. நான் கும்பிட்டேன். அப்போதும் அசையவில்லை.

பிறகு என் பின்னால் நின்றவரைப் பார்த்துவிட்டார். "நீ பஸ் செக்கர்தானே? குருபோங் முச்சந்தியில மழையில என்னைய இறக்கி விட்டவன்."

எனக்கு உயிரே போய்விட்டது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால் செக்கர், "உங்ககிட்ட டிக்கெட் இல்லீங்க" என்றார். செக்கரம்மா அவர் முதுகில் ஒரு குத்து வைத்தார்.

ஆனால் செக்கரின் கண் கிராணியின் முகத்தில் இல்லை. நாற்காலியிலேயே இருந்தது. அவர் உட்கார்ந்திருந்த விதத்தில், இரண்டு தொடையையும் இறுக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த விதத்தில், துணிக்காரனுக்கு மட்டும் தெரிகிற ஏதோ ஒன்று தெரிந்துவிட்டது. மேசை மேல் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"எவ்வளவு நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு?"

கிராணியின் காது சிவந்தது. பிறகு, காலையில் வணங்கும்போது கிழிந்தது என்றார். அதிகாரி முன்னால் ஆழக் குனிய வேண்டும், குனிந்தால் இன்னும் கிழியும், குனியாவிட்டால் அறை விழும். காலையிலிருந்து எழுந்திருக்காமலேயே உட்கார்ந்திருந்தாராம். இருப்பது இந்த ஒரு கால்சட்டைதான்.

அது காக்கி.

செக்கர் பையைத் திறந்து போர்வையை எடுத்தார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. காலரிலிருந்து ஊசியை எடுத்து, நடுச் சதுரத்தின் தையலைப் பிரித்து அதைத் தனியாக உருவிவிட்டார். கிராணியை அலமாரிக்குப் பின்னால் கூட்டிப் போய், கால்சட்டையைக் கழற்றச் சொல்லி, நடுவில் ஓட்டை விழுந்த போர்வையை அவர் இடுப்பில் சுற்றிவிட்டார். ஓட்டை எந்தப் பக்கம் வருவது என்பதில் இரண்டு பேருக்கும் கிசுகிசுப்பாக ஒரு விவாதம் நடந்தது. நாங்கள் பெண்கள் இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றோம். அந்த நேரம் பார்த்துச் சென்ட்ரி ஒருவன் அறைக்குள் எட்டிப் பார்த்தான். நாங்கள் பதறித் திரும்பிக் குனிந்தோம். யார் கண்ணிலும் படாத அலமாரிக்குப் பின்னால் கிராணியும் போர்வையோடு குனிந்தார் என்று செக்கர் பிற்பாடு சத்தியம் செய்தார்.

தையல் போட்டு முடித்தார். கிராணி வெளியே வந்து ஒருமுறை குனிந்து பார்த்தார். தாங்கியது. இன்னொரு முறை, இன்னும் ஆழமாக. அதுவும் தாங்கியது. பட்டையை வாங்கிக்கொண்டு நேரே உள்ளறைக்குப் போனார். டிக்கெட் இல்லாமல் பிடிபட்ட மனிதர், பிடித்தவரின் கோட்டுத் துணியையே பின்னால் ஒட்டிக்கொண்டு போகிற காட்சியைப் பார்த்தும் அன்று எங்களுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கணவர் வெளியே வந்தார்.

லாரியும் கிளம்பிப் போனது. அதில் போனவர்களில் எங்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் குறைவு. அதைப் பற்றி வேடிக்கையாக எழுத எனக்குக் கை வராது. வீட்டுக்கு நடந்து வரும்போது செக்கர் என் கணவரின் கையில்லாத சட்டையைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அந்த டிசம்பர் கடைசி நாளில் வழக்கம்போல் பைப்படிக்கு வந்தார். "போர்வை முடியல. நடுவுல ஒரு சதுரம் போயிருச்சு" என்றார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. கந்தையைக் கட்டியிருந்தவர்கள்கூட ஆளுக்கொரு துண்டு தருவதாக முன்வந்தார்கள். கோணிச் சாக்குக்காரர் தம் சாக்கில் ஒரு பக்கம் வெட்டித் தருகிறேன் என்றார். செக்கர் எல்லாவற்றையும் மறுத்துவிட்டு, மறுநாள் அதே இடத்தில் அதே திட்டத்தை அறிவித்தார். இரட்டைக் கட்டிலுக்கு ஒரு போர்வை.

அந்த வருடம் நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். குழந்தையைச் சுற்ற வீட்டில் துணி இல்லை. பழைய சட்டை ஒன்றைக் கிழித்து வைத்திருந்தேன். பிறந்த மறுநாள் செக்கரம்மா அப்பத்தோடு வந்தார். பின்னாலேயே செக்கர், கையில் சின்னதாக மடித்த ஒன்றோடு. விரித்தால் குழந்தைப் போர்வை. என் நீல முந்தானை, என் கணவரின் சட்டைக் கை, தெருவில் எல்லாருடைய துணியும் அதில் இருந்தன. ஓட்டை விழுந்த பெரிய போர்வையையே வெட்டிச் சின்னதாகத் தைத்துவிட்டிருக்கிறார்.

"இனி இந்த வருசமும் பைப்படியில போயி நிக்கணும்" என்றார் செக்கரம்மா, குழந்தையை அதில் சுற்றிக்கொண்டே. அவர் குரலில் குறையே இல்லை.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இது உங்கள் திட்டத்தில் இல்லையே அண்ணே, இதற்காகவா அதை வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

செக்கர் குழந்தையின் காலடியில் பிரிந்திருந்த நூல் ஒன்றைப் பல்லால் கடித்து எடுத்தார்.

"திட்டமெல்லாம் இல்ல தங்கச்சி. ஆசையா இருந்துச்சு, தைச்சேன்."