ஒரு சுழி குறைந்த தாய்

நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. எழுதியிருப்பதை மட்டும்தான் அவர்களால் வாசிக்க முடியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைவிட்ட எனக்கு (அதுதான் என்னைக் கைவிட்டது என்பார் வாத்தியார்) அந்தச் சங்கடம் இல்லை. என்ன எழுதியிருக்க வேண்டுமோ அதை வாசித்துவிடுவேன்.

குற்றாலம் ரோட்டில் சீசனுக்குச் சாப்பாட்டுக் கடை போட்டேன். பெயர், தாய் மெஸ். போர்டு அடிக்கத் தென்காசி ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் செய்கிற பெண் கம்ப்யூட்டரில் எழுத்துகளாகக் காட்டினாள். எல்லாம் ரேஷன் கடை வாசலில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றன. ஒன்று மட்டும், பெயிண்டில் முக்கிய பிரஷ்ஷால் யாரோ அவசரமாக இழுத்ததுபோல், ஓரமெல்லாம் நார்நாராகச் சாய்ந்து கிடந்தது.

“இத அடி.”

“ஆச்சி, இது பிரஷ் ஃபான்ட். ஜூஸ் கடை, டீ-ஷர்ட்டு, பொறந்தநாள் பேனருன்னு ஜாலியான எடத்துக்குப் போடுதது.”

“ஏட்டி, என் கடையில என்ன எழவா விழுந்திருக்கு? ஜாலியாத் திங்கட்டும்.”

“தூரத்துல இருந்து வாசிக்க வராது ஆச்சி.”

“எனக்கே வருது. ஊருக்கு வராதோ?”

போர்டு, விலைப்பட்டியல், பார்சல் பை, எல்லாம் அதே எழுத்து.

கடை திறந்த அன்று அருவியில் நல்ல தண்ணீர். கார்கள் வந்தன, மெதுவாயின, உள்ளிருந்த பிள்ளைகள் போர்டைப் போட்டோ எடுத்ததும் போய்விட்டன. (அழகில் மயங்குகிறார்கள் என்று நினைத்தேன்.) மதியம் ஒரு குடும்பம் இறங்கியது. அப்பாக்காரர் கறிச் சட்டியை எட்டிப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

“அம்மா, இது ஆடுதானா?”

“பின்ன, யானையா?”

“இல்ல, போர்டுல வேற போட்டிருக்கே.”

வெளியே வந்து பார்த்தேன். எனக்குத் தாய் மெஸ் என்றுதான் தெரிந்தது. அவர் மகள் விரலால் காட்டினாள். ‘த’ சுழிக்க வேண்டிய இடத்தில் பிரஷ் சுழிக்காமல் ஓடியிருந்தது. நாய் மெஸ்.

புதுப் போர்டு மறுநாள்தான் கிடைக்கும். சட்டிக் கறி சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் முதல் நாளே கடைக்கு மூடுவிழா. போலீசில் ஏட்டாக இருக்கும் மருமகனுக்குப் போன் போட்டேன்.

“யூனிபாரத்தோட வந்து வாசல்ல உக்காந்து கறி சாப்பிடுங்க. போலீசே திங்குதுன்னா ஊரு நம்பும்.”

“சரி அத்த.”

வந்தார். ஜீப்பில் வந்தார். பசியில் இருந்தவர், இறங்கியதும் நேரே சட்டியைத் திறந்து முகர்ந்தார். ரோட்டில் கூட்டம் கூடிவிட்டது.

“புடிச்சிட்டாங்க,” என்றார் எதிர்க்கடை அண்ணாச்சி, நிம்மதியாக.

அந்தக் கறியை எங்கள் குடும்பமே தின்று தீர்த்தது. மறுநாள் விறைப்பான எழுத்துக்கு மாறினேன். கடை இப்போது நன்றாகவே ஓடுகிறது. பஸ் கண்டக்டர் மட்டும் இன்றும் “நாய் மெஸ்லாம் எறங்கு” என்கிறார்.

மருமகன் அவரைவிட மோசம். விருந்துக்கு வந்தால், இலையில் கறி விழுந்ததும் குனிந்து “தோ, தோ” என்று மெதுவாகக் கூப்பிடுவார். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிசைவார். இதுவரை எந்தக் கறியும் வாலாட்டவில்லை. (ஆட்டினால் என் மேல் கேஸ் எழுத வேண்டியவரும் அவர்தான்.)