பாஸ்கலின் பால் ஒறுத்தல்

பாஸ்கல் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. துறைமுகத்தில் நூறடி உயரத்துக் கிரேன் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, முப்பது டன் கன்டெய்னரைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிக் கப்பலில் வைப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு துண்டுக் காகிதத்தைப் பார்த்து ஆடிப்போய்விட்டார்.

கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்தெட்டு!

"ஈஸ்டருக்கு முந்தின நாள் மறுபடியும் ரத்தம் குடு. இருநூத்தி முப்பதுக்குள்ள வரணும். வரலன்னா கூண்டுல ஏறக்கூடாது. கேட்டுல நின்னு லாரி நம்பர் எழுது" என்று துறைமுகத்து டாக்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

இருபத்திரண்டு வருஷம் மேலேயிருந்து எல்லார் உச்சந்தலையையும் பார்த்தவர், கீழே நின்று லாரி நம்பர் எழுதுவதா? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. மட்டன் சுக்கா மட்டும் எப்படியோ இறங்கியது.

அவர் மனைவி டோரதிக்குக் கல்மண்டபத்தில், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவர்கள் குடியிருக்கிற ராயபுரத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொழுப்பு என்பது அவளுக்கு அத்துப்படி. மறுநாள் சாயங்காலம் ஒரு பெரிய டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். டப்பாவில் புஜத்தை முறுக்கிக்கொண்டு ஒருவன் சட்டையில்லாமல் நின்றான்.

"இன்னா இது? நான் இன்னா ஆணழகன் போட்டிக்கா போறேன்?"

"பால்லேர்ந்து எடுக்கற புரதம்யா. தண்ணில கலக்கி தெனம் ஒரு கிளாஸ் குடி."

"குடிச்சா?"

"கல்லீரல் கொலஸ்ட்ரால வெச்சுத்தான் பித்தம் செய்யுது. அந்தப் பித்தம் குடலுக்குப் போயி கொழுப்பக் கரைக்கும். வேல முடிஞ்சதும் முக்காலே மூணுவீசம் திரும்ப கல்லீரலுக்கே வந்துடும். உங்க எம்ப்டி கன்டெய்னர் யார்டுக்கு வராப்ல."

"வரட்டுமே!"

"அங்கதான் கீது விஷயம். இந்தப் புரதம் செரிச்சு துண்டு துண்டாவும்போது, சில துண்டு பித்தத்தக் கவ்விக்கினு வெளிய போயிடும். எம்ப்டி திரும்பலன்னா கல்லீரல் இன்னா பண்ணும்? ரத்தத்துல கீற கொலஸ்ட்ரால எடுத்துப் புதுசா செய்யும்."

பாஸ்கல் அசந்துபோனார். இந்த மூளை மட்டும் துறைமுகத்தில் இருந்திருந்தால் ஒரு கப்பல்கூட லேட்டாகக் கிளம்பாது.

"நெசமா கொறையுமா?"

"எலிங்களுக்குக் கொறஞ்சிருக்கு. மனுஷனுக்குக் கொஞ்சம் முன்னபின்ன ஆவும்."

"நான் இன்னா எலியா?"

"ராத்திரி சட்டிய உருட்டறது யாரு?"

ஒரு வாய் குடித்தார். சுண்ணாம்பு கரைத்த தண்ணீர் தோற்றது.

"நைனா, சாமி, என்னால ஆவாது!"

"யோவ், வேல போனா போவட்டும்யா. ஒண்டியா அவ்ளோ ஒசரத்துல ஒக்காந்துகினு கீற. அங்க மாரு புடிச்சுதுன்னா உன்ன யாரு வந்து எறக்குவா?" கேட்கும்போதே டோரதியின் குரல் உடைந்துவிட்டது.

பாஸ்கலுக்கு மனசு என்னவோ பண்ணியது. ஆனால் அவர் நாக்கு மனசு சொன்ன பேச்சை என்றைக்குக் கேட்டது? அந்த வாரமே, ஈஸ்டர் வரைக்குமான தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. தெருவிலுள்ள பதினைந்து குடும்பமும் கூடி ஜெபம் சொல்கிற அன்பியக் கூட்டம் அன்று அவர் வீட்டில். தவக்காலத்தில் ஏசப்பாவுக்காக எதை விடப்போகிறோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாரும் கறி என்றார்கள். பாஸ்கல் எழுந்து நெஞ்சில் கைவைத்தார்.

"இந்தத் தவக்காலம் பூரா என் ஒறுத்தல் பாலு! பாலு, தயிரு, மோரு, பால்லேர்ந்து எடுக்கற பவுடரு, எதையும் தொடமாட்டேன்!"

சபை உருகிவிட்டது. ஏசப்பாவுக்கு நேர்ந்துகொண்டதை எந்த மனைவி தடுக்க முடியும்? கறிக்கும் தடையில்லை. என்னா மூளை! தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, அவ்வளவுதான்.

"ரொம்ப நல்ல காரியம்ங்க" என்றாள் டோரதி.

வீட்டில் அவள் அவரை 'நீ' என்றுதான் பேசுவாள். 'ங்க' போட்டால் உஷாராகிவிட வேண்டும். வெற்றி மயக்கத்தில் பாஸ்கல் அதைக் கவனிக்கவில்லை. கறி ஆகாத வெள்ளிக்கிழமை தவிர்த்து தினமும் துறைமுக வாசலில் மதார் சாகிப் கடைச் சுக்கா, மேலே ஒரு கடுங்காப்பி என்று வாழ்ந்தார்.

இரண்டாம் வெள்ளி சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து ஊரே கோயில் வாசலில் நின்றது. டோரதி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பங்குச்சாமியார் மேத்யூவிடம் போனாள்.

"பாதர், ஒரு சந்தேகம். ஒறுத்தல்னா புடிச்சத விடறதா, புடிக்காதத விடறதா?"

"புடிச்சத விடறதும்மா. புடிக்காதத விட்டா அதுக்குப் பேரு சௌகரியம்."

"இவரு பால விட்டுட்டாரு பாதர். கல்யாணமாயி இருவது வருஷத்துல இவரு ஒரு டம்ளர் பால் குடிச்சு நான் பாத்ததில்ல. இந்த ஒறுத்தல் மேல போய்ச் சேருங்களா?"

பாதர் திரும்பினார். "பாஸ்கல், உனக்கு ரொம்பப் புடிச்சது எது?"

பாஸ்கல் வாயைத் திறக்குமுன் மொத்த அன்பியமும் ஒரே குரலில், "சுக்கா பாதர்!" என்றது.

"சுத்தமா புடிக்காதது?"

டோரதி கைப்பையிலிருந்து பவுடர் கலக்கிய ஒரு பாட்டிலை எடுத்தாள். "இதோ கீதுங்க."

"அப்ப அத விடு, இத குடி" என்று தீர்ப்புச் சொல்லி பாதர் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார்.

மீதி முப்பத்தாறு நாளும் தெருவே காவல் காத்தது. மதார் சாகிப்பிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தார். "அடுத்தவன் நோன்ப முறிச்ச பாவம் எனக்கு வேணாம் மாமு" என்று சொல்லி அவர் தக்காளி சாதம் போட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ரிப்போர்ட் வந்தது. இருநூற்றுப் பத்தொன்பது! டாக்டர் கையெழுத்துப் போட்டார். பாஸ்கல் கூண்டில் ஏறி உட்கார்ந்து, ராயபுரம் பக்கம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்டெய்னரைத் தூக்குவது தான்தான். ஆனால் தன்னைத் தூக்கி இங்கே வைத்தது அவள் அல்லவா? வீட்டுக்கு வந்ததும், "டோரதி, ஒன்ன மாதிரி கில்லாடிய நான் பாத்ததில்ல. நீ இல்லன்னா நான் கேட்டுல நின்னுகினு இருப்பேன்" என்று மனசாரச் சொன்னார்.

ஈஸ்டர் மதியம். பாதரும் அன்பியமும் விருந்துக்கு வந்திருந்தார்கள். மட்டன் பிரியாணி தம் உடைத்த வாசம். பாஸ்கல் அந்தச் சட்டையில்லாத ஆளை டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போடப் போனார்.

"அத வைங்க" என்றாள் டோரதி.

'ங்க'! இந்த முறை காதில் விழுந்தது.

"ரிப்போர்ட் நல்லா வந்தா, நீங்க ரிட்டையர் ஆவற வரைக்கும் தெனம் குடிப்பீங்கன்னு மாதாவுக்கு நேந்துக்கினேங்க."

இன்னும் பதினோரு வருஷம்! பாஸ்கல் விடவில்லை. வக்கீல் மாதிரி சபையைப் பார்த்து நின்றார்.

"பவுடராலதான் கொறஞ்சுதுன்னு இன்னா ரூலு? எலிக்குத்தான் கொறஞ்சுதுன்னு நீயே சொன்ன! முப்பத்தாறு நாள் சுக்காவ விட்டேன் பாரு, அதாலதான் கொறஞ்சுது. சத்தியமா அதாலதான்! இன்னா பாதர் சொல்றீங்க?"

பாதர் தலையாட்டினார். சபையும் தலையாட்டியது. டோரதியும் தலையாட்டிக்கொண்டே அவர் முன்னாலிருந்த பிரியாணித் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சுங்க. அதான் ரெண்டையும் சேத்தே நேந்துக்கினேன்."