டபுள் மாமா எழுதிய ஐந்து வாக்கியங்கள்

பெங்களூரில் யாருக்கும் தமிழ் தெரியாது என்று ஒரு மாதம் முழுக்க நம்பிய ஒரே தமிழன் நானாகத்தான் இருப்பேன். அதுவும் கோலார் தங்கவயலில் பிறந்து, வீட்டில் தமிழும் வீதியில் கன்னடமுமாக வளர்ந்தவன். எங்கள் வீட்டு நாய்க்கே இரண்டு பாஷையும் புரியும். (எனக்கு மட்டும் இது ஏன் உறைக்கவில்லை என்று கேட்காதீர்கள், இன்றுவரை எனக்கே தெரியாது.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மல்லேஸ்வரத்தில் ஒரு மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்கும் குடும்பத் தலைவிகளுக்கும் ஆங்கிலம் கற்றுத்தரும் வகுப்பில் வாத்தியார் வேலை கிடைத்தது. கிடைத்தது என்றால் முழுதாக இல்லை. ஒரு மாதம் பார்ப்போம், மாணவர்கள் சரி என்றால் நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்டலாம் என்று முதலாளி சுமித்ரா மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த நிபந்தனையை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவரோ, பிள்ளை பெங்களூரில் இங்கிலீஷ் வாத்தியார் என்று எங்கள் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். வேலை போனால் நான் வேறு தேடிக்கொள்வேன். அப்பா எந்த முகத்தோடு டீக்கடைக்குப் போவார் என்பதுதான் என் பயம்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். ஆங்கிலத்தில் பேச வேண்டும், முடியாவிட்டால் கன்னடம் என்பது மேடத்தின் சட்டம். எனக்குக் கொடுத்த பாடம், வினைச்சொல்லின் வாலில் ஐஎன்ஜி, ஈடி சேர்க்கும்போது எழுத்துக்கு என்ன ஆகிறது என்பது. ரன்னோடு ஐஎன்ஜி சேர்ந்தால் ‘என்’ என்ற எழுத்து இரண்டாகும், ரெயினில் ஆகாது. மேக்கில் கடைசி ஈ ஓடிவிடும், ஸீயில் ஓடாது. க்ரையில் ஈடி சேர்த்தால் ஒய் போய் ஐ வரும், ப்ளேயில் வராது. இந்த விதிகளை வகுத்தவர் அன்று காலை வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நான் மட்டும் அவற்றைப் பெற்றெடுத்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கன்னடத்தில் விளக்குவேன்.

முதல் வரிசையில் கோபால் என்பவர் உட்காருவார். நீலசந்திராவிலிருந்து வருகிறவர், ஆறடி உயரம், ஐம்பது வயது. அப்பார்ட்மெண்ட்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் காண்ட்ராக்டர். வீட்டுக்காரர்கள் வேலை முடிந்ததா என்று ஆங்கிலத்தில் வாட்ஸப் அனுப்ப, பதில் எழுதத் தெரியாமல் பக்கத்துவீட்டுப் பெண்ணிடம் கெஞ்சி அலுத்துப்போய் வகுப்பில் சேர்ந்தவர். அவருக்கு ஒரு எழுத்தை ஒற்றையாக விட மனசு வராது. ரெயினுக்கும் இரண்டு என், ஈட்டுக்கும் இரண்டு டி.

நோட்டுத் திருத்தவும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளவும் என்னோடு ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தாள். காக்ஸ் டவுன் தமிழ்ப்பெண். எல்லாரும் கன்னடம் பேசுகிறார்களே, நம் தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று இரண்டே நாளில் எங்களுக்குத் துளிர்விட்டுவிட்டது. (நாங்கள் இருவரும்கூட வகுப்பில் கன்னடம்தான் பேசினோம் என்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.) கோபாலுக்கு டபுள் மாமா என்று பெயர் வைத்தேன். ஒய்யை எந்த நிலையிலும் கைவிடாத லலிதா என்ற அம்மாளுக்கு ஒய்யம்மா. ஒவ்வொரு நோட்டாகப் புரட்டிக்கொண்டே, அவர்கள் எதிரிலேயே, முகத்தை மட்டும் கண்ணியமாக வைத்துக்கொண்டு பேசுவோம்.

“டபுள் மாமா இன்னிக்கு க்ளீனுக்கும் ரெண்டு என் போட்டிருக்காரு பாரு. இவரு பெயிண்டும் ரெண்டு வாட்டிதான் அடிப்பாரு போல.”

ஸ்டெல்லா நோட்டால் வாயை மூடிக்கொள்வாள். கோபால் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். பாவம், எவ்வளவு கவனமாகப் படிக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கடைசி நாள் ஒரு வழக்கம் உண்டு. மேடம் வந்து பின்வரிசையில் உட்காருவார். ஒவ்வொரு மாணவரும் அந்த மாதத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்களைப் போர்டில் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாத்தியாரின் தலைவிதி முடிவாகும். முதலில் வருகிறேன் என்று கோபால் எழுந்தார்.

ஸாரும் ஸ்டெல்லா மேடமும் தமிழில் பேசினார்கள் என்று முதல் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதினார். ஸார் எனக்கு டபுள் மாமா என்று பெயரிட்டார் என்பது இரண்டாவது. அதில் நேமின் ஈக்குப் பின்னால் வெறும் டி மட்டும் சேர்த்திருந்தார், மிகச் சரி. வகுப்பை விட்டு நிற்கத் திட்டமிட்டேன் என்பது மூன்றாவது. ப்ளானுக்கு இரண்டு என் வர வேண்டிய இடம், இரண்டு என் வந்திருந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன் என்று நான்காவது எழுதினார். ஒய்யை எடுத்து, ஐ போட்டு, ஈடி சேர்த்திருந்தார். கடைசியாக, நானும் தமிழ்தான்.

ஒரு தப்பு இல்லை. தப்பே இல்லாததுதான் பயங்கரமாக இருந்தது. ஒரு ஆறடி மனிதர் என்னால் அழுதிருக்கிறார் என்பதை நான் சொல்லிக்கொடுத்த விதிப்படியே படித்தேன். அவ்வளவு கேவலமாக நான் அதற்கு முன் உணர்ந்ததில்லை. கோபால் மார்க்கரை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஸ்பெல்லிங் எல்லாம் கரெக்டா ஸார்?”

கரெக்ட் என்றேன்.

அதற்குள் லலிதா, நீங்களும் தமிழா என்று கோபாலிடம் தமிழில் கேட்டார். மூன்றாவது வரிசையில் இருவர் ஒரே குரலில், அய்யோ நாங்களும் என்றார்கள். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் தமிழ். மற்றவர்கள் கன்னடக்காரர்கள், மரியாதையாக இருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு மாதமாகத் தட்டுத்தடுமாறிக் கன்னடம் பேசியிருக்கிறார்கள். மிச்சமிருந்த ஒரே கன்னடக்காரர் மஞ்சுநாத் எழுந்து, தனக்கும் எல்லாம் புரிந்தது, சின்ன வயதிலிருந்தே தமிழர் தெருவில்தான் குடியிருப்பு என்று கன்னடத்தில் பணிவாகத் தெரிவித்துக்கொண்டார். ஸ்டெல்லா அழவே ஆரம்பித்துவிட்டாள்.

போர்டில் இருப்பது நிஜமா என்று மேடம் கேட்டார். நிஜம் என்றேன். கோபாலிடம் மன்னிப்புக் கேட்டேன், லலிதாவிடமும் கேட்டேன். பிறகு, இவரை வைத்துக்கொள்வதா அனுப்புவதா, நீங்களே சொல்லுங்கள் என்று மேடம் முடிவைக் கோபால் பக்கம் திருப்பிவிட்டார். எனக்கு டீக்கடை வாசலில் அப்பா நிற்பது கண்முன் வந்தது.

“இருக்கட்டும் மேடம். சொல்லிக் குடுக்கறது நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாரு. நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. எங்க வூட்ல இவருக்கு இடுப்பு வாத்தியார்னு பேரு.”

எனக்குப் புரியவில்லை. லலிதா வாயில் கை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டிலும் அதே பெயர்தானே என்றார். விசாரித்ததில், ஒவ்வொரு விதியைச் சொல்வதற்கு முன்பும் நான் இரண்டு கையாலும் பேண்ட்டை இடுப்புக்கு மேல் இழுத்து விட்டுக்கொள்கிறேனாம். எழுத்தை இரட்டிக்கும் இடம் வந்தால் இரண்டு தரமாம். நான்கு வீடுகளில், ஒருவரை ஒருவர் கேட்காமலே, ஒரே பெயரை வைத்திருந்தார்கள். மேடம் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

வேலை நிரந்தரமானது, அப்பாவின் மானமும் தப்பியது. ஸ்டெல்லாவையே பிறகு கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க இன்றும் கோபால் அண்ணன்தான் வருவார், அவர் மூலமாக அந்தப் பெயரும் வீட்டுக்குள் வந்து தங்கிவிட்டது. போன மாதம் சர்ச்சுக்குப் புதிதாக வந்த பாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா என்னம்மா வேலை செய்கிறார் என்று என் ஆறு வயது மகளிடம் கேட்டார். இடுப்பு வாத்தியார் என்றாள் அவள், பெருமையாக. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை ஐயா, நான் விளக்குகிறேன் என்று எழுந்தேன். எழும்போதே இரண்டு கையும் இடுப்புக்குப் போய்விட்டன.