மகேஸ்வரி அக்காவின் பாட்டுக்குள் புகுந்த அம்மணி

நேர்மையாக இருந்தால் மட்டும் போதுமா, கூடவே கொஞ்சம் கவனமாகவும் இருக்க வேண்டுமா? சமூகப்பணியில் முதுகலை முடித்த ஒருத்திக்கு இந்தக் கேள்வி வகுப்பறையிலேயே எழுந்திருக்க வேண்டும். எனக்கு அது பழனி மலைச்சாலையின் வளைவு ஒன்றில், ஊரார் நடுவே, ஒலிபெருக்கி வழியாக வந்து சேர்ந்தது.

செண்பகனூரில் எங்கள் தெருவிலிருந்து ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். முன்னால் ஒரு வேன், அதன் தலையில் ஒலிபெருக்கி. சினிமா மெட்டில் அமைந்த பக்திப் பாடல்கள் மலையே அதிரும்படி ஒலிக்கும். அந்த இரைச்சலுக்கு அடியில், யாருக்கும் கேட்காமல், மகேஸ்வரி அக்கா தன் பாட்டைப் பாடிக்கொண்டே நடப்பார். கேரட் கழுவும் களத்தில் அவருக்குத் தினக்கூலி வேலை. பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பியவர்கள். பாட்டுகளும் அவர்களோடு வந்தவை. ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியில் கூட்டம் ‘அரோகரா’ சொல்ல வேண்டும். (கேட்டால்தானே சொல்வதற்கு.)

இது அநீதி என்று நான் முடிவு செய்தேன். அந்த வயதில் வாரத்துக்கு ஓர் அநீதியையாவது கண்டுபிடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அக்காவின் குரலைப் பதிவு செய்து வேனில் ஒலிக்க வைப்பதாகச் சொல்லி, யாத்திரையை நடத்தும் குருசாமியிடம் போய் நின்றேன்.

“ஒரு தடவ போட்டுப் பாப்போம்மா. சனத்துக்குப் பிடிச்சிருந்தா வருசா வருசம் மகேசு பாட்டுதான். இல்லேன்னா பழையபடி நம்ம பாட்டு. பெறகு வந்து நிக்கக் கூடாது” என்றார் அவர்.

அக்காவின் வீட்டிலேயே என் கைப்பேசியில் பதிவு செய்தேன். ‘அரோகரா’வுக்கான இடைவெளிகளை மறக்காமல் விட்டே பாடினார். ஆனால் குரலோடு சேர்ந்து தகரக் கூரையில் பெய்த மழை, பக்கத்து வீட்டுக் குக்கர், ஒரு சேவல் எல்லாம் பதிவாகியிருந்தன. இரைச்சலை நீக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது.

“எங்கிட்ட ஃபுல் வெர்ஷன் கெடக்குக்கா. வெரசா முடிச்சிரலாம்” என்றான் என் தம்பி கார்த்தி.

“காசு கொடுத்து வாங்கினதா?”

“அதையெல்லாம் யாரு வாங்குவா? கிராக் பண்ணதுதான்.”

சாமி பாட்டைத் திருட்டு மென்பொருளில் கழுவுவதா என்று தொடங்கி, படைப்பாளியின் உழைப்பு, நோக்கத்தின் தூய்மை, வழிமுறையின் தூய்மை என்று நான் ஆற்றிய உரையில் அம்மாவின் தோசை கருகியது.

“சரி தாயி, நீயே நேர்மையாத் தேடிக்கோ” என்றான் அவன்.

கைப்பேசியிலேயே, இணையத்தில் மென்பொருள் களஞ்சியம் ஒன்றுக்குள் நுழைந்தேன். திரும்பிய பக்கமெல்லாம் ‘இலவசம்’. ஒரே பக்கத்தில் வரிசையாகப் பச்சைப் பொத்தான்கள், ஒவ்வொன்றும் ‘தரவிறக்கு’ என்று கெஞ்சின. முதலில் அழுத்தியதற்கு ஒரு சீட்டாட்டம் வந்தது. அடுத்ததற்கு, ஏதோ ஒரு பனிநாட்டின் வானிலை அறிக்கை வந்து திரையின் மூலையில் குடியேறியது. கடைசியில் ‘முற்றிலும் இலவசம்’ என்ற வரியும் நிறைய நட்சத்திரங்களும் கொண்ட ஒலித்திருத்தி கிடைத்தது. நீண்டதோர் உரிம ஒப்பந்தத்தைக் காட்டி, சம்மதமா என்று கேட்டது. ஒரு வரியும் படிக்காமல் சம்மதித்தேன். (ஏழைத் தொழிலாளர்கள் ஒப்பந்தங்களைப் படிக்காமல் கையெழுத்திடுவது குறித்ததுதான் என் முதுகலை ஆய்வேடு.)

மழை போயிற்று, குக்கர் போயிற்று, சேவலும் போயிற்று. எல்லாப் பாட்டுகளையும் ஒரே கோப்பாக இணைத்து, முதல் பாட்டை மட்டும் கேட்டேன். கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. கைப்பேசியில் இடம் இல்லாததால் மூலப் பதிவுகளை மனநிறைவோடு அழித்தேன்.

யாத்திரை நாளன்று பெருமாள்மலை தாண்டியதும் வேனில் அக்காவின் குரல் எழுந்தது. கூட்டம் உரிய இடத்தில் ‘அரோகரா’ என்றது. குருசாமி தலையை ஆட்டினார். அக்கா வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு சமூகம் மாறுவதைக் கண்ணால் காண்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டில் அக்கா ஓர் அடி பாடி நிறுத்தினார். இடைவெளியில் ஒரு வெள்ளைக்கார அம்மணி, மிகத் தெளிவாக, “திஸ் இஸ் எ ட்ரையல் வெர்ஷன். ப்ளீஸ் பை த ஃபுல் வெர்ஷன்” என்றாள்.

கூட்டம் பழக்கத்தில் “அரோகரா” என்றது.

சற்று நேரத்தில் மறுபடி அதே அம்மணி. மறுபடி அரோகரா.

“கான்வென்ட் அம்மாவும் பழனிக்கு வருதா?” என்று கேட்டார் முன்னால் நடந்த பெரியவர்.

வேன் ஓட்டிய பாண்டி அண்ணன் சீசன் நாட்களில் சுற்றுலாக்காரர்களுக்கு வண்டி ஓட்டுபவர், ஆங்கிலம் அத்துப்படி. சன்னலில் தலையை நீட்டி மொழிபெயர்த்தார்: “அப்படியில்ல சாமி. நாம கேக்குறது வெறும் சாம்பிளாம். முழுசாக் கேக்கணும்னா காசு குடுத்து வாங்கணுமாம்.”

குருசாமி வேனை நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா மகேசு, சாமி பாட்டுக்குக் காசா கேக்குற?”

“நான் கேக்கல சாமி. அந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது.” அக்கா என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, யாரு எம் பாட்டுக்குள்ள வந்து கதைக்கிறது?”

நான் உடனே பதில் சொல்லவில்லை. கூலிக்காரிக்கு ஆசை வந்துவிட்டது என்று யாரோ முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் சில நொடிகள் பக்கத்தில் நின்றவர் காவடியின் மயிலிறகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மணியைப் பற்றிச் சிரிக்க என்னால் முடிகிறது. அந்தச் சில நொடிகளைப் பற்றி இன்னும் முடியவில்லை.

பிறகு முன்னால் வந்து, அக்காவுக்கு இதில் தொடர்பே இல்லை, தவறு என்னுடையது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இலவச மென்பொருளுக்கும் சோதனைப் பதிப்புக்கும் உள்ள வேறுபாட்டை நடுச்சாலையில் விளக்கினேன். முடித்ததும் பின்வரிசையில் யாரோ “அரோகரா” என்றார்.

“சரிம்மா, அந்தம்மா இல்லாத பாட்டப் போடு” என்றார் குருசாமி.

“அழிச்சிட்டேன் சாமி.”

வேனில் சினிமா மெட்டு தொடங்கியது. அதன் அடியில் யாரும் பாடவில்லை. பழனி வரைக்கும் அக்கா வாய் திறக்கவில்லை.

வீட்டில் இந்தக் கதைக்கு ஓய்வே இல்லை. நான் அறிவுரை சொல்ல வாயெடுத்தால் கார்த்தி மூக்கால் ஆங்கிலம் பேசுவான்: “இது சாம்பிள்தான், முழு உரைக்குக் காசு கட்டணும்.” அம்மா கை கூப்பி ‘அரோகரா’ என்பார்.

உண்மையிலேயே கட்டற்ற ஒலித்திருத்தி ஒன்றைப் பிற்பாடு கண்டுபிடித்தேன். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்று அதன் உரிமத்திலேயே எழுதியிருந்தது. அது இருந்ததும் அதே களஞ்சியத்தில், அதே பக்கத்தில்தான். நட்சத்திரம் குறைவென்று நான் தாண்டிப்போனது. மறு ஆண்டு அதை நிறுவிக்கொண்டு அக்காவைத் தேடிக் களத்துக்குப் போனேன்.

“கோவமெல்லாம் இல்ல தங்கச்சி” என்றார், கேரட்டிலிருந்து கையை எடுக்காமல். “காசு கேட்டேன்னு சொல்லிட்டாங்கதானே. அது போதும்.”

இப்போது உரிம ஒப்பந்தத்தைக் கடைசி வரி வரை படிக்காமல் நான் எதையும் நிறுவுவதில்லை. முடித்த கோப்பைக் கடைசி நொடி வரை கேட்கிறேன், மூலப் பதிவை அழிப்பதில்லை. மகேஸ்வரி அக்கா யாத்திரைக்கு வருகிறார். பாடுவதில்லை.