ஒரு வீட்டுக்கு ஒரு கை

கோசலா றோல்ஸ் சுத்திக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி கிழங்குக் கறி, இரண்டு பக்கமும் மடிப்பு, ஒரு உருட்டு, முட்டையில் ஒரு முழுக்கு, றஸ்குத் தூளில் ஒரு புரட்டல். கை தன்பாட்டில் ஓடியது. வாய் வழக்கம்போல மூடியிருந்தது. அந்த வீட்டில் கதைக்கிற வேலையைக் கலியாணம் முடிந்த அன்றைக்கே அவள் நிருசனுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தாள்.

நிருசன் குத்தகையை நன்றாக அனுபவித்தான்.

“இஞ்சேரும், நான் ஒரு முடிவெடுத்திட்டன்,” என்றான் குசினி வாசலில் நின்று. “இனிச் சுற்றாடலைக் காப்பாத்தப் போறன்.”

உருண்டுகொண்டிருந்த றோல் பாதியில் நின்றது. போத்தலையும் வாழைப்பழத் தோலையும் ஒரே பையில் கட்டி, அதையும் பக்கத்து வீட்டுக் கதவடியில் வைத்துவிட்டு வருகிற மனிசன்.

“என்னப்பா, காய்ச்சலோ?”

“பகிடியை விடும். முத்தத்துக் குழுவிலை நானும் சேர்ந்திட்டன்.”

சூரிச்சில் அவர்கள் இருந்த மாடி வீட்டுக்கு ஒரு முற்றம் உண்டு. முற்றம் என்று பேர்தான். முழுக்கக் கொங்கிறீற் கல்லுப் பாவி, மூன்று கார் விட வெள்ளைக் கோடு கீறி வைத்திருந்தார்கள். கோடைகாலத்தில் அந்தக் கல்லில் எண்ணெய் விடாமலே தோசை சுடலாம். கோசலாவின் நாலு வயது மகள் யாதவி அங்கே விளையாடப் போனால் தவளை மாதிரித் துள்ளித் துள்ளித்தான் திரும்பி வருவாள். கீழ் வீட்டில் இருந்த திருமதி கெல்லர், ஜெர்மன் வழக்கில் பிறவ் கெல்லர், முந்தித் தபால்காரியாக இருந்து ஓய்வுபெற்றவ, அந்தக் கல்லைக் கிளப்பி மரமும் மரக்கறிப் பாத்தியும் வைக்க வேண்டும் என்று கதவு கதவாய்த் தட்டி ஒரு குழு சேர்த்திருந்தா. சனிக்கிழமை சுற்றாடல் விழா. விழா முடிவில் குடியிருக்கிற எல்லாரும் கை உயர்த்தி முடிவு சொல்ல வேண்டும்.

கோசலாவுக்கு அந்தப் பாத்தி வேண்டும். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு அவள் வாய்விட்டு ஒன்றும் கேட்டதில்லை. ஆனால் ஜன்னல் விளிம்பில் யோகற் கோப்பைகளில் மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் தலைக்குமேல் தலையாய் முளைத்து நின்றன, நிலம் எங்கே நிலம் எங்கே என்று.

நிலத்தின் மேல் நிருசனின் கார் நின்றது.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. கிழமை நாளில் நிருசன் ஓல்டனில் உள்ள சாமான் கிடங்குக்கு ரயிலில் வேலைக்குப் போவான். கார் உறைக்குள் படுத்துக் கிடக்கும். ஞாயிறு காலையில் வாளியில் தண்ணீரும் மெல்லிய துணியும் கொண்டுபோய்த் துடைப்பான். யாதவி பிறந்த புதிதில் பிள்ளைக்கு முகம் துடைக்கச் சொன்னபோது, இவ்வளவு மெதுவாய் அவன் கை போனதில்லை.

“அப்ப காரை எடுத்திடுவியளோ?” கோசலா கேட்டாள்.

“விசரே? அதுக்குத்தானே உள்ளுக்கை போனனான்! வெளியிலை நிண்டு கத்தினால் கெட்ட பேர். உள்ளுக்கை இருந்து கவிழ்த்தால் நல்ல பேர். முதல் கூட்டத்திலேயே ஒரு சட்டம் போடுவிச்சிட்டன். ஒரு வீட்டுக்கு ஒரு கை. பிறவ் கெல்லர் அப்பிடியே சொக்கிப்போனா. எவ்வளவு நியாயமான மனிசன் எண்டு.”

“அதாலை என்ன லாபம்?”

“மேல்வீட்டை பாரும். செபஸ்ரியன் அண்ணைக்குக் கார் வேணும், மேர்சி அக்காவுக்குப் பாத்தி வேணும். ரெண்டு கையெண்டால் சரிக்குச் சரி. ஒரு கையெண்டால் ஆர் தூக்கிறது? வீட்டுத் தலைவன்!”

“எங்கட வீட்டிலை?”

நிருசன் சிரித்தான். “என்ன கேள்வி கேக்கிறீர்? நீர் றோல்ஸைச் சுத்தும். ஆளுக்கு ரெண்டு றோல்ஸ் உள்ளை போச்சுதெண்டால் இந்தச் சனம் நான் சொல்லுற பக்கம் சாயும்.”

கோசலா திரும்பக் கரண்டியை எடுத்தாள். றோல்ஸைச் சுத்தினாள். அவன் போனபிறகு இன்னும் ஒரு தட்டு நிறையக் கூடுதலாகச் சுத்தினாள்.

பின்னேரம் படியில் மேர்சி அக்கா மறித்தா. அவ கதைத்தால் படிக்கட்டின் கீழ் தளத்துக்கும் கேட்கும்.

“எடி கோசலா, உன்ர மனிசன்ர சட்டத்தைக் கேட்டியோ? எங்கட கையை வெட்டிப்போட்டானெடி! நீ வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?”

“எனக்கு வாய் காணாதக்கா.”

“அப்ப?”

“கை இருக்கு.”

மேர்சி அக்கா அவளை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தா. பிறகு என்றைக்கும் இல்லாத விதமாய்க் குரலைத் தாழ்த்தி, “செபஸ்ரியன்ர கையை நான் பாத்துக்கொள்ளுறன்,” என்றா.

சனிக்கிழமை முற்றம் நிறையச் சனம். ஒரு மூலையில் சைக்கிள் திருத்தினார்கள். ஒரு மூலையில் பிள்ளைகள் பழைய பெட்டிகளுக்கு வர்ணம் பூசினார்கள். நடுவில் ஒரே ஒரு நீள மேசை, கன்று மாற்றுகிறதற்கு. கோசலா விடியவே இறங்கி வந்து தன் யோகற் கோப்பைகளை அதில் அடுக்கினாள். ஒரு சாண் இடம் மிச்சம் விடாமல் அடுக்கினாள். தேநீர்க் கோப்பை வைக்க வந்தவர்கள்கூட இடமில்லாமல் கையிலேயே வைத்துக் குடித்தார்கள்.

நிருசன் குழுவின் பச்சைச் சட்டை போட்டு மாப்பிள்ளை மாதிரி உலாவினான். ஒரு கையில் றோல்ஸ் தட்டு. ஒவ்வொரு ஆளாய்ப் பிடித்து, முதலில் றோல், பிறகு காது.

“மரம் நல்லதுதான். ஆனால் மரத்திலை குருவி வரும். குருவி வந்தால்…” என்று இழுத்து, கவலையோடு மேலே பார்த்தான். றோலைக் கடித்த ஆளும் மேலே பார்த்தான். வேலை நடந்தது. இரண்டு வீடு சாய்ந்தது கோசலாவுக்கே தெரிந்தது.

பிறவ் கெல்லர் சைக்கிள் மணியை எடுத்து அடித்தா. சனம் கூடியது.

அப்போது கோசலா வீட்டுக்குள்ளிருந்து அந்த மற்றத் தட்டைக் கொண்டு வந்தாள். சுடச்சுட, மலைபோலக் குவித்து.

“இஞ்சருங்கோ, இதை ஒருக்காப் பிடியுங்கோ. யாதவிக்கு மூக்குத் துடைக்க வேணும்.”

நிருசன் யோசிக்காமல் மற்றக் கையையும் நீட்டினான். இரண்டு கையிலும் இரண்டு தட்டு.

“பாத்திக்கு விருப்பமானவை கை உயர்த்துங்கோ,” என்றா பிறவ் கெல்லர் ஜெர்மன் மொழியில். “ஒரு வீட்டுக்கு ஒரு கை!”

கைகள் எழும்பின. மேர்சி அக்காவின் கை முதலில் எழும்பியது. செபஸ்ரியன் அண்ணையின் கையை அவ மற்றக் கையால் இறுக்கிப் பிடித்திருந்தா. அவர் முகத்தில் கோபமே இல்லை. கலியாணத்துக்குப் பிறகு சபையில் அவ தன் கையைப் பிடித்தது இதுதான் முதல் தரம் என்று பிறகு எல்லாருக்கும் சொல்லித் திரிந்தார்.

பிறவ் கெல்லர் எண்ணினா. திரும்ப எண்ணினா. சரி பாதி வீடு. இன்னும் ஒரு கை வேண்டும்.

கோசலா பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். போன காலத்திலும் விடை தெரிந்தும் உயர்த்தாத கை அது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற பயம். இப்போதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னம் சுட்டது. கீழே யாதவி ஒரு காலை மற்றக் காலின் மேல் வைத்து நின்றாள், கல்லுச் சூடு.

கோசலா கையை உயர்த்தினாள். தோள் வலிக்குமட்டும் உயர்த்தினாள்.

“கோசலா! கையை இறக்கும்! அது நானெல்லோ தூக்கிற கை!”

நிருசன் பதறினான். தட்டை வைக்க இடம் தேடினான். மேசையைப் பார்த்தான். மேசை முழுக்க மிளகாய்க் கன்று. நிலத்தைப் பார்த்தான். சாப்பாட்டை நிலத்தில், சனம் செருப்போடு மிதிக்கிற கல்லில் வைக்கிறதோ? அவன் தாய் வளர்த்த வளர்ப்புக்கு அது முடியாது. பக்கத்தில் ஒரே ஒரு வெறும் இடம் இருந்தது. பளபளவென்று, அகலமாய், விழாவுக்கென்று உறை கழற்றின தன் காரின் முன்பக்கம்.

தட்டின் அடியில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது.

தட்டைக் காரடிக்குக் கொண்டு போனான். இழுத்தான். திரும்பக் கொண்டு போனான். திரும்பவும் இழுத்தான். அவன் மனசு படுகிற பாட்டை முழு முற்றமும் றோல்ஸைச் சப்பிக்கொண்டு பார்த்தது.

“முடிஞ்சுது!” பிறவ் கெல்லர் மணியை அடித்தா. “பாத்திதான்! ஒரு கையாலை வெண்டிட்டம்!”

“என்ர கையை எண்ணேல்லை!” நிருசன் ஜெர்மன் மொழியில் கத்தினான்.

“உங்கட வீட்டுக் கை எண்ணியாச்சுது,” என்றா அவ அன்பாக. “நீங்கள் போட்ட சட்டம்தானே. நல்ல சட்டம்.”

சனம் கை தட்டியது. நிருசனால் கை தட்டவும் முடியவில்லை.

கோசலா பக்கத்தில் வந்து, தட்டிலிருந்து ஒரு றோலை எடுத்து, அவன் வாயில் வைத்தாள். மனிசன் காலையிலிருந்து ஊருக்குக் கொடுத்தானே தவிர ஒன்றும் தின்னவில்லை.

“இனி என்ர காரை எங்கை விடுறது?” அவன் மென்றுகொண்டே கேட்டான்.

“ரெண்டு ட்ராம் தரிப்புத் தள்ளி நிலத்துக்குக் கீழை ஒரு இடம் வாடகைக்கு இருக்கு. மழை படாது, குருவியும் வராது. கேட்டு வைச்சிட்டன்.”

“நீரோ கேட்டனீர்? எப்ப?”

“நீங்கள் சுற்றாடலைக் காப்பாத்த வெளிக்கிட்ட அண்டைக்கு.”

நிருசனின் வாய் றோலோடு திறந்தபடி நின்றது. குத்தகைக்கு விட்ட வாயைத் திரும்ப வாங்கியவள்போல் கோசலா தொடர்ந்து கதைத்தாள்.

“அந்த வாளியை மட்டும் அங்கை கொண்டு போயிடாதேங்கோ. ஞாயிற்றுக்கிழமையிலை பாத்திக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணுமெண்டு பிறவ் கெல்லர் கேட்டவ. வாளியும் பழக்கமும் உள்ள ஆள் நீங்கள்தானே, அதாலை உங்கட பேரைக் குடுத்திட்டன். கோடை முழுக்க. பயப்பிடாதேங்கோ, மழை பெய்தால் தண்ணி ஊத்தத் தேவையில்லை, அண்டைக்கு நீங்கள் இலையளுக்குக் கீழை இருக்கிற நத்தையளைக் கையாலை…”

“கோசலா!” முற்றத்தின் அந்தக் கரையிலிருந்து பிறவ் கெல்லர் கல்லுக் கிளப்புகிற அலவாங்கை உயர்த்திக் காட்டிக் கூப்பிட்டா. “முதல் கல்லை நீதான் கிளப்ப வேணும், ஓடி வா!”

“இந்தா வாறன்!” என்று கோசலா, ஆம், கோசலாதான், முற்றம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டு, ஓடிக்கொண்டே திரும்பி, “தட்டைக் கீழை வைச்சிடாதேங்கோ அப்பா, நான் வந்து உங்களுக்கு அந்த நத்தைக் கதையின்ர மிச்சத்தைச் சொல்லுறன்!” என்றாள்.